குண்டறைக்குள் இருக்கைகள்: பயணிகளையும் அஞ்சலையும் சுமந்த முன்னாள் குண்டுவீச்சு விமானங்கள்

வான்பறவை எழுதியது:

இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியிலும் அது முடிந்த கையோடும் பிரிட்டன், சுவீடன், கனடா ஆகிய நாடுகள் குண்டுவீச்சு விமானங்களை மாற்றியமைத்துப் பயணிகளையும் அஞ்சலையும் ஏற்றிப் பறக்கவிட்டன. விமான வரலாறு எழுதுவோர் இவற்றைப் பெரும்பாலும் "தற்காலிக ஏற்பாடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. ஆவ்ரோ நிறுவனத்தின் லங்காஸ்டர், நான்கு மெர்லின் எஞ்சின்கள் பொருத்தப்பட்ட கனரகக் குண்டுவீச்சு விமானம். வழக்கமாக 14,000 இறாத்தல், அதாவது 6,300 கிலோவுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தூக்கிச் செல்லும். அதன் துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றி, மூக்கையும் வாலையும் உலோகத் தகட்டால் கூராக மூடி, ஜன்னல்கள் வைத்து, லங்காஸ்ட்ரியன் என்று பெயர் சூட்டினார்கள். அப்படி மாறிய பிறகு அதில் ஏறக்கூடிய பயணிகள் 9 முதல் 13 பேர் வரைதான். மூட்டை முடிச்சோடு ஆளுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 1,300 கிலோ தான் ஆகிறது. ஆறு டன் தூக்கிய விமானம் ஒன்றரை டன்னுக்கும் குறைவாக ஏற்றிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் பறந்தது ஏன்? அது அறிவுடைய செயல்தானா? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

எந்திரவியலான் எழுதியது:

வான்பறவை அவர்களுக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கான விடை எடையில் இல்லை, கொள்ளளவில் இருக்கிறது. குண்டு என்பது இரும்பும் வெடிமருந்தும் செறிந்த பொருள். சிறிய இடத்தில் பெரிய எடை. ஆகவே லங்காஸ்டரின் உடற்பகுதி ஒடுக்கமாகவும், விமானத்தின் உள்தளத்துக்கு அடியில் 33 அடி நீளமுள்ள ஒரே குண்டறையாகவும் அமைக்கப்பட்டது. அந்த எடை முழுவதும் இறக்கைக்கு நேர் கீழே, ஈர்ப்பு மையத்தை ஒட்டியே தொங்கும். குண்டுகள் விழுந்த பிறகும் விமானம் நிலைகுலையாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். மனிதர்களோ இதற்கு நேர்மாறான சுமை. எடை குறைவு, தேவைப்படும் இடம் மிகுதி. நிமிர்ந்து உட்கார வேண்டும், கால் நீட்ட வேண்டும், எழுந்து நடக்க வேண்டும். குண்டறைக்குள் மனிதரை உட்கார வைக்க முடியாததால் அங்கே கூடுதல் எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள். பயணிகள் அதற்கு மேலிருந்த குறுகிய கூடத்தில் அமர்ந்தார்கள்.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. இறக்கைகளைத் தாங்கும் முதன்மை உத்தரம் விமானத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் குறுக்காகச் செல்லும். போர்க்காலத்தில் விமானக் குழுவினர் கனத்த உடையோடு அதன்மேல் ஏறிக் குதித்துத்தான் முன்னும் பின்னும் போய்வந்தார்கள். அதை அகற்றினால் விமானமே இல்லை. உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதியும் கிடையாது. உயரப் பறக்கும்போது பயணிகள் ஆக்சிஜன் முகமூடி அணிந்தே தீர வேண்டும். இவ்வளவுக்கும் பின்னால் அதில் மிஞ்சிய ஒரே பெருஞ்சிறப்பு தொலைவு. ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர் இடைநில்லாமல் பறக்கக்கூடிய விமானம் 1945இல் பிரிட்டனின் கையில் வேறு எது இருந்தது?

அது இல்லாமல் போனதற்கும் காரணம் உண்டு. போர்க்காலத்தில் பிரிட்டனின் தொழிற்சாலைகள் போர் விமானங்களிலும் குண்டுவீச்சு விமானங்களிலும் மூழ்கியிருந்தன. போக்குவரத்து விமானங்களைக் கட்டும் பொறுப்பு அமெரிக்காவிடம் சென்றுவிட்டது. போர் முடிந்தபோது அமெரிக்கர்களிடம் டக்ளஸ் டி.சி-4, லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் இரண்டும் ஆயத்தமாக இருந்தன. பிரபு பிரபசான் தலைமையில் அமைந்த குழு பரிந்துரைத்த புதிய பிரிட்டிஷ் விமானங்களோ இன்னும் வரைபடத்தை விட்டு வெளிவரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியதுதான் லங்காஸ்ட்ரியன்.

அஞ்சல்தலைப்பிரியன் எழுதியது:

எந்திரவியலான் ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். செறிவான சுமைக்கென்று கட்டப்பட்ட விமானத்துக்கு இயல்பாகப் பொருந்தும் சுமை பயணி அல்ல, அஞ்சல் பைதான். காகிதம் கனமானது, இடத்தை அடைக்காதது. குளிரும் இரைச்சலும் அதற்கு ஒரு பொருட்டல்ல. இந்த வகை மாற்றத்தின் வரலாற்றை அஞ்சலிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து.

முதல் உலகப் போரின் குண்டுவீச்சு விமானமான டி.எச்.-4 இதற்கு நல்ல சான்று. அமெரிக்க அஞ்சல் துறை அதை நூற்றுக்கணக்கில் பெற்றுக்கொண்டது. அதன் மூல வடிவத்தில் விமானி முன்னாலும், நோக்காளர் பின்னாலும், இருவருக்கும் நடுவே எரிபொருள் தொட்டியும் இருந்தன. தரையில் மோதினால் எஞ்சினுக்கும் தொட்டிக்கும் இடையே விமானி நசுங்கிப்போவார். அஞ்சல் துறை இதைத் திருத்தியது: விமானியைப் பின் இருக்கைக்கு மாற்றி, முன்னால் அவர் அமர்ந்திருந்த குழியை மூடி அஞ்சல் பெட்டகமாக்கியது; உடற்பகுதியின் துணிப் போர்வைக்குப் பதில் ஒட்டுப்பலகை வந்தது. 400 குதிரைத்திறன் கொண்ட லிபர்ட்டி எஞ்சினோடு அந்த விமானம் 1920களில் அமெரிக்காவின் குறுக்கே அஞ்சல் சுமந்தது. 1921 பிப்ரவரி 22, 23 தேதிகளில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு இரவும் பகலுமாகக் கைமாற்றி அஞ்சலைக் கொண்டுசென்றபோது, நார்த் பிளாட்டிலிருந்து ஓமஹா வழியாகச் சிகாகோ வரை இருளிலும் பனியிலும் தனியொருவராகப் பறந்த ஜாக் நைட் ஓட்டியது டி.எச்.-4 தான். மொத்தப் பயணம் 33 மணி 20 நிமிடம்.

லங்காஸ்டரும் முதலில் அஞ்சலைத்தான் சுமந்தது. ஐரோப்பாவில் போரிட்டுக்கொண்டிருந்த கனடிய வீரர்களுக்கு வீட்டுக் கடிதங்கள் போய்ச்சேரத் தாமதமானதால், கனடிய அரசு 1943 ஜூலை 22 அன்று மொன்றியலின் டோர்வலுக்கும் ஸ்காட்லாந்தின் பிரஸ்ட்விக்குக்கும் இடையே தனி வான்சேவை ஒன்றைத் தொடங்கியது. துப்பாக்கிகள் நீக்கப்பட்ட ஒரு லங்காஸ்டர் படைவீரர்களின் அஞ்சலோடு 12 மணி 26 நிமிடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது. அந்தச் சேவையை நடத்தியது டிரான்ஸ் கனடா ஏர்லைன்ஸ். லங்காஸ்ட்ரியன் என்ற எண்ணமே அங்கிருந்துதான் முளைத்தது.

கொழும்பான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். இலங்கைக்கும் இந்த வரலாற்றில் பெரிய இடம் உண்டு என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தபின் இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே வான்வழி அறுந்துபோனது. அதை மீண்டும் இணைக்க, 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் கட்டலீனா விமானங்களைக் கொண்டு காலிக்கு அண்மையில் உள்ள கொக்கலை ஏரிக்கும் பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் இடையே சேவை நடத்தியது. கட்டலீனா கடற்காவலுக்கும் குண்டுவீச்சுக்கும் என்று கட்டப்பட்ட நீர்விமானம். 27 மணிநேரத்துக்கும் மேலாக, சில வேளைகளில் 30 மணிநேரத்தையும் தாண்டி, வானொலித் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறிந்து பறந்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டதால் பயணிகளுக்கு அதற்கெனச் சான்றிதழும் வழங்கப்பட்டது. ஏற்றியது மூன்று பயணிகளும் ஏறத்தாழ 69 கிலோ அஞ்சலும் மட்டுமே. மீதி எல்லாம் எரிபொருள். 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை.

அந்த 69 கிலோவை அற்பமென்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் கடிதங்களை நுண்படச் சுருளாக எடுத்து அனுப்பும் முறை இருந்தது. காகிதமாக 50 இறாத்தல் எடையுள்ள 1,600 கடிதங்கள் படச்சுருளில் ஐந்து அவுன்ஸ்தான். சுருள் போய்ச்சேர்ந்த இடத்தில் அதைப் பெரிதாக்கி அச்சிட்டு உரியவரிடம் கொடுப்பார்கள்.

1944இல் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களும் இதே கடலின் மேல் பறக்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு மே 31 அன்று லங்காஸ்ட்ரியன் வந்தது. இங்கிலாந்தின் ஹேர்ன், பாலஸ்தீனத்தின் லிட்டா, கராச்சி, எமது இரத்மலானை, மேற்கு அவுஸ்திரேலியாவின் லியர்மந்த், இறுதியாகச் சிட்னி. இரத்மலானையிலிருந்து லியர்மந்த் வரை ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒன்பது பேர் விமானத்தின் பக்கச் சுவரோரமாக வரிசையாக அமர்ந்தார்கள். இரவில் ஆறு படுக்கைகள் விரிக்கப்பட்டன. இலண்டனிலிருந்து சிட்னிக்கு மூன்று நாட்களில் போய்ச்சேர முடிந்தது. போருக்குப் பின் அதே வழியில் ஓடிய ஹைத் நீர்விமானங்களுக்கு ஐந்தரை நாட்கள் தேவைப்பட்டன. கட்டணம் செலவுக்கு ஈடாகவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தச் சேவையில் அஞ்சலும் அரச அலுவலர்களும்தான் முதன்மை. இலாபக் கணக்கை வைத்து அதை அளப்பது பொருந்தாது.

நேர்கோடு எழுதியது:

நண்பர்கள் எல்லோரும் தொலைவையும் வேகத்தையும் பேசுகிறீர்கள். உயிர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. கொழும்பான் அவர்கள் போற்றும் அதே வழித்தடத்தில், 1946 மார்ச் 23 அன்று இரத்மலானையிலிருந்து கொக்கோஸ் தீவுகளை நோக்கிப் புறப்பட்ட லங்காஸ்ட்ரியன் பத்துப் பேரோடு இந்தியப் பெருங்கடலில் மறைந்துபோனது.

தென் அமெரிக்கத் தடத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸ் நிறுவனத்தை நடத்தியவர் டான் பென்னட். போரில் குண்டுவீச்சுப் படைக்கு இலக்கைக் காட்டி முன்னே பறந்த வழிகாட்டிப் படையின் தளபதி அவர். அவருடைய விமானிகளில் பலரும் குண்டுவீச்சுப் படையிலிருந்து வந்தவர்கள். 1946 ஜனவரி 1 அன்று ஹீத்ரோவிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பிய முதல் விமானம் அவர் ஓட்டிய லங்காஸ்ட்ரியன் "ஸ்டார் லைட்" என்பது பெருமைக்குரியதுதான். ஆனால் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று "ஸ்டார் டஸ்ட்" புவனோஸ் ஐரிஸிலிருந்து சாந்தியாகோவுக்குப் போகும் வழியில் பதினொரு பேரோடு ஆண்டீஸ் மலையில் காணாமல் போனது. பனியாறு அதை விழுங்கி, அரை நூற்றாண்டு வைத்திருந்து, 1998இல் துப்புங்காத்தோ மலையடியில் ஒரு மெர்லின் எஞ்சினை வெளியே தள்ளிய பிறகுதான் உண்மை புலப்பட்டது. மேகத்துக்கு மேலே, கடுமையான எதிர்க்காற்றில் பறந்த விமானம், மலையைக் கடந்துவிட்டதாக எண்ணி இறங்கத் தொடங்கி, பனிச்சரிவில் நேராக மோதியிருக்கிறது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக் குழு ஒவ்வோர் இரவும் துணிந்து ஏற்றுக்கொண்ட ஆபத்தை, பயணச்சீட்டு வாங்கியவர் மேலும் சுமத்தலாமா என்பதே என் கேள்வி.

எந்திரவியலான் எழுதியது:

நேர்கோடு அவர்களின் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. எனினும் ஸ்டார் டஸ்ட் விழுந்ததற்கு அது குண்டுவீச்சு விமானமாகப் பிறந்தது காரணமல்ல. அந்த உயரத்தில் வீசும் அதிவேகக் காற்றோட்டத்தைப் பற்றி அன்றைய விமானிகளுக்குத் தெளிவான அறிவு இல்லை. தரையிலிருந்து வழிகாட்டும் கருவிகளும் போதாது. எதிர்க்காற்று விமானத்தைப் பின்னிழுத்துக்கொண்டிருக்க, கடிகாரத்தை மட்டும் நம்பிக் கணக்கிட்டால் எந்த விமானமும் மலையின் தவறான பக்கத்தில்தான் இறங்கும்.

குண்டுவீச்சு விமானத்தின் மரபே துன்பம் தந்த இடம் வேறு. லங்காஸ்டரின் வழித்தோன்றலான லிங்கன் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையை எடுத்து, அதனோடு காற்றழுத்த வசதி கொண்ட புதிய உடற்பகுதியைப் பொருத்தி ஆவ்ரோ டியூடர் என்ற பயணிகள் விமானத்தைச் செய்தார்கள். அதன் குறைகளைத் திருத்தித் திருத்தியே காலம் போயிற்று. 1947 ஆகஸ்ட் 23 அன்று உட்ஃபோர்டில் டியூடர் இரண்டாம் வகையின் சோதனைப் பறப்பில், இறக்கை முனையிலுள்ள சாய்வுத் தட்டுகளின் கட்டுப்பாட்டுக் கம்பிகள் இடம் வலமாக மாற்றிப் பொருத்தப்பட்டிருந்ததால் விமானம் மேலெழுந்தவுடனே கவிழ்ந்தது. மாண்டவர்களில் ஒருவர் ராய் சாட்விக். லங்காஸ்டரை வடிவமைத்தவரே அவர்தான்.

வான்பறவை எழுதியது:

இரு தரப்பு வாதங்களுக்கும் நன்றி. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு சுவீடனில் நடந்தது. அதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஜெர்மனியைத் தாக்கச் சென்று அடிபட்ட அமெரிக்க பி-17 விமானங்கள் பல, இங்கிலாந்துக்குத் திரும்ப முடியாமல் நடுநிலை நாடான சுவீடனில் இறங்கின. விதிப்படி விமானமும் ஆட்களும் அங்கேயே தடுத்துவைக்கப்பட்டனர். போர் முடியும் முன்பே அட்லாண்டிக் வான்சேவைக்குத் திட்டமிட்டிருந்த சுவீடனுக்கோ நெடுந்தொலைவு விமானம் ஒன்றும் கைவசம் இல்லை. பேச்சுவார்த்தையின் முடிவில் விமானக் குழுவினர் பலர் விடுவிக்கப்பட்டனர். விமானங்கள் சில பெயரளவு விலைக்குச் சுவீடனிடம் வந்தன. சுவீடனின் சாப் நிறுவனம் அவற்றில் ஏழு விமானங்களைப் பயணிகள் விமானங்களாக மாற்றியது. துப்பாக்கிகளும் கவசத் தகடுகளும் போயின; மூக்குப் பகுதி நீட்டப்பட்டது; 14 பேர் உட்கார இடமானது. இந்த ஏற்பாட்டுக்குத் துணைநின்ற அமெரிக்க வான்படைத் தூதரக அதிகாரி ஃபெலிக்ஸ் ஹார்டிசனின் நினைவாக "ஃபெலிக்ஸ்" என்றே அவற்றை அழைத்தார்கள். 1945 ஜூன் இறுதியில் அவற்றில் ஒன்று ஸ்டாக்ஹோமிலிருந்து ஐஸ்லாந்து வழியாக நியூயார்க் போய்ச்சேர்ந்தது. ஐரோப்பாவில் போர் ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஏழில் ஒன்றின் பிறவிகளைக் கேளுங்கள். "ஷூ ஷூ ஷூ பேபி" என்ற பெயரோடு இங்கிலாந்தின் பாசிங்போர்னிலிருந்து பறந்த அந்த விமானம், 1944 மே 29 அன்று போலந்தின் போஸ்னான் மீதான தாக்குதலில் எஞ்சின்களை இழந்து மால்மோவில் இறங்கியது. பயணிகள் விமானமாக மாறியபின் டென்மார்க்கின் டி.டி.எல். வான்சேவை நிறுவனத்தில் "ஸ்டிக் வைக்கிங்" ஆயிற்று. பிறகு டென்மார்க் படையில் சேர்ந்து கிரீன்லாந்தை நிலப்படம் எடுத்தது; அங்கிருந்து பிரெஞ்சு நிலஅளவை நிறுவனத்துக்குப் போனது; 1961இல் கைவிடப்பட்டது. அமெரிக்கர்கள் அதைத் திரும்பப் பெற்று, டோவர் வான்படைத் தளத்தில் பத்தாண்டு பழுதுபார்த்து, 1988இல் டேட்டனிலுள்ள வான்படை அருங்காட்சியகத்துக்குப் பறக்கவிட்டார்கள். ஆனால் திரும்ப அமைத்தபோது அதைக் குண்டுவீச்சு விமானமாகவே அமைத்தார்கள். குண்டுவீச்சு விமானமாக அது பறந்தது சில மாதங்கள். மற்ற வேலைகளில் பறந்தது பல ஆண்டுகள். அந்தப் பல ஆண்டுகளின் தடயத்தை அழித்தது எனக்கு வருத்தம் தருகிறது.

காவிரிக்கரையான் எழுதியது:

நல்ல விவாதம். ஓர் ஐயம்: இந்தியாவில் இப்படிப்பட்ட மாற்றம் ஏன் நடக்கவில்லை?

அஞ்சல்தலைப்பிரியன் எழுதியது:

காவிரிக்கரையான் அவர்களுக்கு: தேவைப்படவில்லை என்பதே காரணம். போருக்குப் பின் அமெரிக்கப் படை இங்கே விட்டுச்சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவை பிறப்பிலேயே போக்குவரத்து விமானங்கள், உள்நாட்டுத் தொலைவுகளுக்குத் தாராளமாகப் போதுமானவை. 1949 ஜனவரி 30 அன்று தொடங்கிய இரவு அஞ்சல் சேவையில் சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் திரும்பின. பிரிட்டிஷார் கான்பூரில் சேதப்படுத்திக் கைவிட்ட லிபரேட்டர்களைப் பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் சீர்செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவை இந்திய வான்படையில் குண்டுவீச்சு விமானங்களாகவே 1968 வரை பணியாற்றின.

எந்திரவியலான் எழுதியது:

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். குண்டுவீச்சு விமானத்தை அப்படியே பயணிகள் விமானமாக்கியது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதன் இறக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு உடற்பகுதியைப் புதிதாகக் கட்டியவர்கள் வெற்றி கண்டார்கள். இறக்கைக்குத் தான் எதைத் தூக்குகிறோம் என்பது தெரியாது. உடற்பகுதிதான் சுமைக்கேற்ப மாற வேண்டும்.

சாட்விக்கே இதை 1942இல் செய்துகாட்டினார். லங்காஸ்டரின் இறக்கை, எஞ்சின், வால் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அவற்றின் கீழே சதுரப் பெட்டி போன்ற அகன்ற உடற்பகுதியைத் தொங்கவிட்டார். கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. பக்கப்பரப்பு கூடியதால் வாலில் மூன்றாவது செங்குத்துத் தட்டையும் சேர்க்க வேண்டியிருந்தது. அதுதான் யார்க். விக்கர்ஸ் நிறுவனம் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையை எடுத்து வைக்கிங் செய்தது. 1945 ஜூன் 22 அன்று முதன்முதலாகப் பறந்தது. தொடக்கத்தில் வந்த வைக்கிங்குகளின் இறக்கை, வெலிங்டனைப் போலவே பின்னல் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. பின்பு முழு உலோகமாக மாறி, மொத்தம் 163 கட்டப்பட்டன. இந்தியன் நேஷனல் ஏர்வேஸும் அதை இயக்கியது. அமெரிக்காவில் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையிலிருந்து போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர் வந்தது. சோவியத் நாட்டில் அதே பி-29ஐப் படியெடுத்த துப்பொலெவ், அதிலிருந்து து-70 என்ற பயணிகள் விமானத்தையும் செய்து 1946 நவம்பரில் பறக்கவிட்டார். அது ஒன்றோடு நின்றுவிட்டது.

நேர்கோடு எழுதியது:

இறக்கையைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். அப்படியானால் முழு விமானத்தையும் மாற்றியதில் பயன் விளைந்தது சரக்கில்தான், பயணிகளில் அல்ல என்ற என் நிலைப்பாடு இன்னும் உறுதியாகிறது. ஹாலிஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்திலிருந்து வந்த ஹால்ட்டன் இதற்குச் சான்று. பிரிட்டிஷ் அரசின் வான்சேவை நிறுவனமான பி.ஓ.ஏ.சி. 12 ஹால்ட்டன்களைப் பத்துப் பத்துப் பயணிகளோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஓட்டிப் பார்த்து, இரண்டே ஆண்டுகளில் கைகழுவிவிட்டது. அவற்றை வாங்கிய சிறு நிறுவனங்கள் 1948, 1949இல் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்த பெர்லின் முற்றுகையின்போது சரக்கேற்றியதில்தான் அவை உண்மையான பயன் தந்தன.

அதில் உப்பு ஏற்றியதைச் சொல்ல வேண்டும். உப்பு சிந்தினால் விமானத்தின் உலோகத்தையும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் அரித்துவிடும். ஆகவே முதலில் கடல்நீரைத் தாங்குமாறு கட்டப்பட்ட சண்டர்லாந்து நீர்விமானங்கள் அதைச் சுமந்து பெர்லினின் ஹாவல் ஏரியில் இறங்கின. குளிர்காலம் வந்து ஏரி உறையும் நிலையில் அந்தச் சேவை நின்றது. அப்போது ஹால்ட்டன்களின் குண்டறைக்கு அடியில் வெளிப்புறமாகத் தொங்கவிட்ட சரக்குப் பெட்டியில் உப்பை ஏற்றினார்கள். விமானத்தின் உட்புறத்தை உப்பு தீண்டவே இல்லை. குண்டு தொங்கிய இடமே அதற்குச் சரியான இடமாயிற்று. அதே காலத்தில் லங்காஸ்ட்ரியன்கள் பெட்ரோலும் டீசலும் சுமந்து போயின. பொலிவியாவில் இன்னும் நெடுங்காலம் பி-17 விமானங்கள் பேனி சமவெளியில் அறுத்த மாட்டிறைச்சியை 4,000 மீட்டர் உயரத்திலுள்ள லா பாஸ் நிலையத்துக்குக் கொண்டுபோயின. அந்த மலைகளுக்கு ஊடே நல்ல சாலை இல்லாததால் நகரத்தின் உணவே அவற்றை நம்பியிருந்தது.

கொழும்பான் எழுதியது:

நேர்கோடு அவர்களே, சரக்கைப் பற்றி நீங்கள் கூறுவது சரி. ஆனால் 1945 கோடையை எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியின் சிறைமுகாம்களில் இருந்த பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ஏறத்தாழ 75,000 பேரை வீடு சேர்த்தவை, மாற்றம் எதுவும் செய்யப்படாத லங்காஸ்டர் போன்ற குண்டுவீச்சு விமானங்களே. இருக்கை இல்லை, இருபத்தைந்து பேர் வரை தரையிலேயே நெருக்கி அமர்ந்தார்கள். அவர்களும் பயணிகள்தாமே. அவர்களுக்கு அந்தப் பயணத்தின் தேவை இருந்தது. வேறு விமானம் இருக்கவில்லை. கடிதத்துக்கும் அவசர அலுவலர்களுக்கும் இலங்கை வழியே ஓடிய லங்காஸ்ட்ரியனையும் நான் அந்த வரிசையிலேயே வைக்கிறேன்.

வான்பறவை எழுதியது:

இழையின் இடையே தனிமடலில் சிலர் கேட்டதால் இதையும் பதிகிறேன். முழுமையான லங்காஸ்ட்ரியனோ ஹால்ட்டனோ எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. எல்லாம் உடைத்து உலோகமாக விற்கப்பட்டுவிட்டன. யார்க் விமானங்கள் இரண்டு இங்கிலாந்தில் உள்ளன, ஒன்று டக்ஸ்ஃபோர்டில், மற்றொன்று காஸ்ஃபோர்டில். இங்கிலாந்து செல்வோர் டக்ஸ்ஃபோர்டில் யார்க்கையும் லங்காஸ்டரையும் ஒரே நாளில் பார்க்கலாம். இறக்கையை முதலில் பாருங்கள், பிறகு உடற்பகுதியைப் பாருங்கள்.